முனியாண்டியை மேலே ஏற்றினேன்

எழுபதுகளின் கடைசியில் ஓர் ஆயுத பூசை. கோலா தெர்லா பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்து வாசலில் நின்ற பழைய சின்ன லோரிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, நான்கு சக்கரத்தின் முன்னாலும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. சுமை கட்டும்போது வழுக்கி விழுந்து என் கணவருக்கு இடுப்பு போனதிலிருந்து, அந்த லோரியை ஓட்டுவது நான்தான். லைசென்ஸும் என் பெயரில்தான். ஆனால் பழத்தை நசுக்க ஏறி உட்கார்ந்தது என் கொழுந்தன்.

"அண்ணி, பூச போட்ட வண்டிய பொம்பள நகத்தக் கூடாது" என்றார். அப்படி ஒரு சாஸ்திரத்தை நான் அன்றைக்குத்தான் கேட்டேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பண்டிகை நாளாயிற்றே என்று வாயை மூடிக்கொண்டேன். நான் வாயை மூடுவது அபூர்வம்.

அன்று அவர் லோரிக்கு ஒரு பரிசும் கொண்டுவந்திருந்தார். மலைக்குக் கீழே தாப்பா டவுனில் சொல்லி வரையவைத்த முனியாண்டி. மீசையும் அரிவாளுமாக, பெரிய தகரப் பலகை. "ரோட்ட சாமி பாத்துக்கும் லா" என்று, லோரியின் முகத்தில் இரண்டு விளக்குகளுக்கும் நடுவே கம்பியால் முறுக்கிக் கட்டினார். எங்கள் மலைக் குளிரில் விடியற்காலை இஞ்சின் சூடேறாமல் அடம்பிடிக்கும். அதற்காக முன்பக்கம் கோணிச் சாக்கு கட்டுவது டிரைவர்களின் வழக்கம். ஏற்றம் வருமுன் அவிழ்த்துவிடுவோம். இனிச் சாக்கு வேண்டாம், சாமியே இருக்கிறார் என்று எல்லோருக்கும் திருப்தி. எனக்கும்தான்.

கொஞ்ச நாளில் லோரி கொதிக்க ஆரம்பித்தது.

எங்கள் துண்டு நிலத்து முட்டைக்கோஸைப் பிரிஞ்சாங் வரை கொண்டுபோய், அங்கிருந்து கீழே இறங்கும் பெரிய லோரியில் ஏற்ற வேண்டும். பிரிஞ்சாங் வரை ஏற்றம்தான். பாதி வழியில் சூடு காட்டும் ஊசி சிவப்பைத் தொடும். ரேடியேட்டர் மூடியோரம் ஆவி சீறும். ஓரங்கட்டி, ஆறவிட்டு, சாக்குத் துணியால் மூடியைப் பிடித்துத் திறந்து, தண்ணீர் ஊற்றிப் போய்ச் சேர்ந்தால் பெரிய லோரி போயிருக்கும். கோஸ் என்னோடு வீடு திரும்பும்.

நானும் சும்மா இருக்கவில்லை. ரேடியேட்டர் மூடியை மாற்றினேன். வெடித்திருந்த ரப்பர் குழாயை மாற்றினேன். காற்றாடி பெல்ட் புதிது. பிரிஞ்சாங்கில் நாங்கள் போமன் என்று கூப்பிடும் சீன மெக்கானிக், தண்ணீரைத் திறந்துவிடும் தெர்மோஸ்டேட்டையும் புதிதாகப் போட்டுப் பார்த்தார். காலியாகப் போனால் கொதிக்கவில்லை, இறக்கத்தில் கொதிக்கவில்லை, சுமையோடு ஏறினால் மட்டும் கொதித்தது. "சுடா துவா லா, கெழவி ஆயிடுச்சி" என்று போமன் இஞ்சினைத் தட்டிக் கைவிரித்துவிட்டார்.

கொழுந்தனுக்கு அது போதும். "வண்டிக்கு ஒண்ணுமில்ல. கியர் போடத் தெரியாம இழுத்தா கொதிக்காம என்னா செய்யும்? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார். பிறகு என் கணவரிடம் திரும்பினார். "இன்னொரு தடவ கொதிச்சிச்சின்னா சாவிய என்கிட்ட குடுத்துருங்கண்ணே. அண்ணி பழையபடி கொழுந்து பறிக்கப் போவட்டும்."

"சாவி அவகிட்ட இருக்கு. அவளையே கேளு" என்றார் என் கணவர்.

கொழுந்து பறிப்பது ஒன்றும் இழிவில்லை. வயிற்றைக் காப்பாற்றிய வேலை. ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்த கையை இன்னொருவர் சொல்லி எடுப்பதா? எனக்கு அந்தச் சாவி வேண்டும். வெட்கமில்லாமல் சொல்கிறேன், சோற்றைவிட வேண்டும்.

"கூட ஏறுங்க தம்பி. கொதிச்சா சாவிய அங்கேயே வாங்கிக்குங்க" என்றேன்.

மறுநாள் கோலா தெர்லாவில் கோஸ் ஏற்றிக்கொண்டிருந்தோம். பக்கத்தில் வேறொருவரின் லோரி இஞ்சின் ஓடியபடி நின்றது. கோஸ் சுற்றும் பழைய பேப்பர் ஒன்று என் கையிலிருந்து நழுவிப் பறந்து, அந்த லோரியின் முகத்தில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டது. உள்ளே சுற்றும் காற்றாடி இழுத்துப் பிடித்திருந்தது. எனக்குச் சுருக்கென்றது. இன்னொரு தாளை எடுத்துக்கொண்டு என் லோரிக்கு ஓடினேன். இஞ்சினை ஓடவிட்டு முன்னால் தாளை வைத்தேன். அது முனியாண்டியின் மீசையில் வழுக்கி, என் காலடியில் விழுந்தது.

காற்று உள்ளே போக வழியே இல்லை! பிறகு பெல்ட் புதிதாக இருந்தென்ன, மூடி புதிதாக இருந்தென்ன?

"சாமியக் கழட்டணும்" என்றேன்.

கொழுந்தன் பதறிப்போனார். "அண்ணி! கட்டுன சாமிய அவுக்கறதா? பூப்போட்டுக் கேக்காம தொடக்கூடாது. பூசாரி வெள்ளிக்கெழமதான் வருவாரு."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பது சரிதான். இங்கே பூசாரிக்கும் முன்னால் கொழுந்தன். "சாமியே சும்மா இருக்கு. நீங்க ஏன் தம்பி துள்ளுறீங்க?" என்று கேட்டுவிட்டுக் கற்பூரம் ஏற்றினேன். "முனியாண்டி, நீ வழிய மறிச்சி நிக்கிறப்பா. மேல ஏறி உக்காந்து நல்லாப் பாரு." இதுதான் என் மந்திரம். குறடு எடுத்துக் கம்பியை முறுக்கி அவிழ்த்தேன். பலகை சரிந்தது. சாமி மண்ணில் படக்கூடாதே என்று கொழுந்தனே பாய்ந்து வந்து தாங்கிக்கொண்டார். அவரையே கூரைமேல் ஏறவைத்து, டிரைவர் தலைக்கு மேலே கட்டவைத்தேன்.

ஏற்றம் தொடங்கியது. அவர் ரோட்டைப் பார்க்கவில்லை. ஊசியையே பார்த்துக்கொண்டு வந்தார். ஊசி எழுந்தது. பாதிக்கு வந்தது. அங்கேயே நின்றது. நான் வழக்கமாகத் தண்ணீர் ஊற்றும் வளைவைத் தாண்டினோம். கடைசி ஏற்றத்தையும் தாண்டினோம். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துகொண்டே போனது. கர்வம்தான், ஏன் மறைக்க வேண்டும்?

பிரிஞ்சாங்கில் பெரிய லோரி இன்னும் நின்றுகொண்டிருந்தது. போமன் எங்கள் கூரையைப் பார்த்துச் சிரித்தார். "நா அன்னிக்கே பாத்தேன், காத்த மறைக்குது. ஒங்க சாமி லா, நா எப்பிடித் தொடும்?" அவரை என்ன செய்தால் தகும் என்று தெரியவில்லை. சாவியைக் கொழுந்தன் முன்னால் நீட்டினேன். "இந்தாங்க தம்பி, வேணுமா?" அவர் ஒரு கோஸ் கூடையைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார்.

அடுத்த ஆயுத பூசைக்கு முனியாண்டி கூரைமேல் புது மாலையோடு வீற்றிருந்தார். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழத்தைக் கொழுந்தனே குனிந்து வைத்தார். எழுந்து வேட்டியில் கையைத் துடைத்தார். பிறகு டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏறுங்கண்ணி. நல்ல நேரம் போவுது."