மாமாவுக்கென்று ஒரு ஃபோல்டர்

பத்தாவதில் கணக்குப் பரீட்சை என்னை இரண்டு முறை தோற்கடித்தது. அப்புறம் விழுப்புரத்தில் செல்போன் ரிப்பேர் கடை. புத்தகப் பைத்தியம் மட்டும் பள்ளிக்கூடத்தோடு போகவில்லை. இணையத்தில் இலவசமாகக் கிடைத்த பழைய நாவல்களை லேப்டாப்பில் சேர்த்தேன். அடுக்குகிற முறையெல்லாம் எனக்குத் தெரியாது. யார் படிப்பாரோ அவர் பெயரில் ஒரு ஃபோல்டர். இருவர் படிப்பார்கள் என்றால் இரண்டிலும் ஒரு காப்பி.

அக்காவும் மாமாவும் திண்டிவனத்தில் இருந்தார்கள். ஏதோ சண்டை, அக்கா பையோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். ஒரு மாதமாகப் பேச்சில்லை. ஆனால் ஞாயிறுதோறும் மாமா பென்டிரைவோடு பஸ் ஏறி வந்துவிடுவார். புத்தகம் வாங்கத்தான் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டோம்.

அக்கா டேட்டா என்ட்ரி வேலை பார்த்தவள். என் லேப்டாப்பைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஒரே புக்க ரெண்டு எடத்துல வெச்சிக்கினு கீற. டேட்டாபேஸ்ல போட்டா ஒண்ணு போதும்டா."

புத்தகம், எழுதியவர், யாருக்கு என்று கட்டம் போட்டாள். ஒரு புத்தகத்துக்கு ஒரு காப்பி மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதையும் ஃபோல்டர்களையும் அழித்தாள்.

அந்த ஞாயிறு மாமா பென்டிரைவை நீட்டினார். 'யாருக்கு' கட்டத்தில் அவரைத் தேடினேன். ஒரு வரிகூட இல்லை. அவர் ஃபோல்டரில் இருந்ததெல்லாம் அக்கா ஃபோல்டரிலும் இருந்தவை; அக்கா பெயரில் இருந்த காப்பிதான் மிஞ்சியிருந்தது. அவள் படித்ததைத்தான் கேட்டு வாங்கியிருக்கிறார் மனிதர். ஃபோல்டர் ஃபோல்டராகத் திறந்து பார்த்த காலத்தில் எனக்கு அது உறைக்கவே இல்லை.

வாய் சும்மா இருந்தால்தானே. "மாமா, அக்கா உங்கள டெலீட் பண்ணிடுச்சி."

அவர் சிரிக்கவில்லை. பென்டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "சரிடா, வர்றேன்."

உள்ளேயிருந்து அக்காவின் குரல் மட்டும் வந்தது. "அவர நிக்கச் சொல்லுடா. ரெண்டு காப்பி எதுக்குன்னுதான் அழிச்சேன். ஆள அழிக்கல."

"மாமா, உங்கள அழிக்கலயாம்."

"எனக்குக் காது கேக்குதுடா."

"அப்ப நேரா பேசிக்கினா இன்னா? நான் இன்னா மைக் செட்டா?"

அக்கா வந்து லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். தன் பெயருக்குப் பக்கத்தில் கமா போட்டு அவர் பெயரை அடித்தாள். நூறு வரிக்கு மேல் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே தட்டில் மாற்றலாம், அவளுக்குத் தெரியும். ஒவ்வொன்றாகவே அடித்தாள்.

பத்துப் பன்னிரண்டு வரி போனதும் மாமா குனிந்து திரையைப் பார்த்தார். "இத நீ படிச்சிட்டியா?"

"பாதிதாங்க," என்றாள் அக்கா.