சோற்றை விட்டவர்

தொண்ணூறுகளில், மயிலாப்பூர் குளக்கரையில் எடை பார்க்கும் மெஷினுக்கு வெள்ளிதோறும் ஒரு மாமா வருவார். செருப்பு, கடிகாரம், கடைசியில் மூக்குக்கண்ணாடியையும் கழற்றிவிட்டே ஏறுவார். முள்ளைப் பக்கத்தில் நிற்பவர்தான் படித்துச் சொல்ல வேண்டும். ஒரு வெள்ளியன்று அந்த வேலை எனக்கு.

"எண்பத்தாறு, மாமா."

"ரெண்டு கிலோ ஏறிடுத்தா! சோத்தை விட்டு மூணு மாசமாறது சார். ஆத்துல வெறும் நெய், வெண்ணெய், பனீர். மெலியலாம்னு டாக்டரே சொன்னார்."

அவர் கையில் கோயில் தொன்னை. அது நிறையச் சர்க்கரைப் பொங்கல்.

"இது சோறில்லையா?"

"பிரசாதம் சார்! இதைப் போய் சோத்துல சேர்ப்பாளா?"

மெஷினில் நின்றபடியே முழுவதையும் சாப்பிட்டு முடித்தார். விரலை நக்கிக்கொண்டே அதட்டினார்: "இப்பப் பாருங்கோ. முள் ஏறித்தா?"

கையிலிருந்தது வயிற்றுக்குப் போயிருந்தது, அவ்வளவுதான். முள் அசையவில்லை.

"ஏறலை, மாமா," என்றேன். வேறென்ன சொல்ல?