குதிரை நிக்குதா?

செவ்வாய்க்கிழமை காலை வல்லத்தில் மல்லாட்டை என்று நாம் சொல்லும் வேர்க்கடலை மூட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். செஞ்சி பஸ் கண்டக்டர் இறங்கி வந்து, "தையல் மிஷின் நயினார் போயிட்டாராம். மேல்சித்தாமூர்ல இன்னிக்கே எடுக்கறாங்களாம்" என்றார். மூட்டையை அப்படியே போட்டுவிட்டு அதே பஸ்ஸில் ஏறினேன். போன வாரம்கூட என்னைத் திட்டிய மனிதர் எப்படிச் சாகலாம் என்று வழியெல்லாம் அவர்மேல் கோபமாகவே இருந்தது.

செஞ்சிக் கடைத்தெருவில் தரணேந்திர நயினார் கைபடாத தையல் மிஷின் இல்லை. ஆனால் நம்மில் பலர் அவர் ரிப்பேர் கடைக்குப் போனது துப்பாக்கியோடு. பம்புசெட்டுக்குக் கரண்ட் வந்தும் கொல்லைக்குக் காட்டுப்பன்றி வருவது நிற்கவில்லை, துப்பாக்கிக்கு லைசென்ஸ் வாங்கினோம். எண்ணெய் மட்டும் நமக்கு எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். தோசைக்கும் மல்லாட்டை எண்ணெய், கதவுக் கீலுக்கும் அது, துப்பாக்கிக்கும் அது. கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து நிறுத்தும் சுத்தியைக் குதிரை என்போம். என் துப்பாக்கியின் குதிரை ஒட்டிக்கொண்டபோது அவரிடம் கொண்டுபோனேன். மோந்து பார்த்தார். "இன்னா கோயிந்தா, இதுல தோச சுட்டியா?" கடையே சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது.

"திங்கிற எண்ணெ காஞ்சா பிசினாயிடும்" என்றார். மண்ணெண்ணெயில் பிசினைக் கழுவி, துணியால் ஒட்டத் துடைத்து, குதிரையின் அடியில் தையல் மிஷின் எண்ணெயை ஒரே ஒரு சொட்டு விட்டார். இன்னும் விடச் சொன்னேன். "மொதக்க விட்டா தூசி வந்து குந்திக்கும். போதும்." மழைக்காலத்துக்கு எடுத்துவைப்பதானால் மேல் இரும்புக்கு மெல்ல வாசலின் தடவச் சொல்வார். குழாய்க்குள் எண்ணெய் பூசினால் சுடுவதற்குமுன் சுத்தமாகத் துடைத்தாக வேண்டும் என்பார். ஆயுத பூஜைக்குக் குழாய் முழுக்கச் சந்தனம் அப்பும் நம் வழக்கம் மட்டும் அவருக்கு ஆகவே ஆகாது. "பொட்டு வெக்கறதுன்னா மரப் பிடியில வை. சந்தன ஈரம் இரும்பத் தின்னுடும்." எல்லாம் முடிந்ததும் குதிரையை இழுத்துக் காட்டி, "நிக்குதா?" என்று நம்மையே கேட்பார். "நிக்குது" என்று வாய்விட்டுச் சொன்னால்தான் துப்பாக்கி நம் கைக்கு வரும்.

நயினார் சமணர், எறும்பு மிதிபடாமல் பார்த்து நடப்பவர், பொழுது சாய்ந்தால் சாப்பிடாதவர். அவர் துப்பாக்கியைத் தொடுவது அவருடைய ஜனத்துக்குப் பிடிக்கவில்லை. உறவுக்காரப் பெரியவர் ஒருவர் என் எதிரிலேயே, "பன்னி செத்தா பாதிப் பாவம் உனக்குத்தான்" என்று கத்தினார். கையைத் துடைத்துக்கொண்டே நயினார் சொன்னார்: "எந்தம்பி பாவத்துல சாகலிங்க. எண்ணெயில செத்தான்."

நேமி என்ற அந்தத் தம்பி ஒரு நாள் கொல்லை வரப்பில் போய்க்கொண்டிருந்தான். முன்னால் பன்றிக் காவலுக்குப் போன முனுசாமி துப்பாக்கியோடு வாய்க்காலைத் தாண்டினார். பாதி இழுப்பில் நிற்க வேண்டிய குதிரை பிசினில் நழுவி, பின்னால் வந்த நேமிமேல் வெடித்துவிட்டது. முனுசாமி கெட்டவர் இல்லை. முந்தின நாள்தான் மல்லாட்டை எண்ணெய் போட்டுப் பளபளவென்று துடைத்து வைத்திருந்தார்.

விசாரணையெல்லாம் முடிந்து துப்பாக்கி திரும்பக் கைக்கு வந்ததும், முனுசாமி அதை எடுத்துக்கொண்டு செஞ்சிக்கு வந்தார். கடைக்குள் வராமல் எதிர்ச்சாரியில் டீக்கடை ஓரம் நின்றார். நான் அப்போது கடையில் இருந்தேன். நயினார்தான் கூப்பிட்டார். "அங்கயே நின்னா எப்டி முனுசாமி? கொண்டா."

பிரித்தார். பிசினைச் சுரண்டினார். எண்ணெய் விடும்போது முதல் சொட்டு தவறிப் பலகையில் விழுந்தது. மறுபடி விட்டார். குதிரையை இழுத்து, "நிக்குதா?" என்றார். முனுசாமி முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். நயினார் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். "நிக்குது நயினாரே" என்ற சொல் வந்த பிறகுதான் கொடுத்தார். அவ்வளவு கண்டிப்பையும் அவ்வளவு இரக்கத்தையும் ஒரே ஆளிடம் நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

மேல்சித்தாமூருக்குப் போய்ச் சேர்ந்தபோது நெருப்பு வைத்துவிட்டார்கள். முகம் பார்க்கக் கிடைக்கவில்லை. முனுசாமி அன்றைக்கு நின்றது போலவே சாலைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் போனேன். "இனிமே யாரு கேப்பா கோயிந்தா?" என்று குலுங்கினார். எனக்கும் அடக்க முடியவில்லை.

"எடுத்துகினு வா. நான் கேக்கறேன்."

நயினார் கொடுத்த எண்ணெய்ச் சீசாவில் இன்னும் பாதி இருக்கிறது. அது தீரும், வேறு வாங்கிக்கொள்ளலாம். அவரிடமிருந்து நான் எடுத்துவைத்துக்கொண்டது அந்தக் கேள்வியைத்தான். நேற்று முனுசாமி துப்பாக்கியோடு வந்தார். பிரித்துத் துடைத்து, ஒரு சொட்டு விட்டு, இழுத்துக் காட்டிக் கேட்டேன். குதிரையைத் தானும் ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்.

"நிக்குது, நயினாரே."