சதகுப்பைக் கஷாயம்

எங்கள் வீட்டில் வயிற்றுக்கு என்ன வந்தாலும் சதகுப்பைதான். கைக்குழந்தை காலை உதைத்துக்கொண்டு அழுதால் வெந்நீரில் ஊறவைத்து ஒரு சங்கு, பிள்ளை பெற்றவளுக்குப் பொடித்துக் கருப்பட்டியோடு ஒரு உருண்டை, அப்பாவுக்கு விருந்துச் சாப்பாடு செரிக்காவிட்டால் ரசத்தில் ஒரு சிட்டிகை. தென்காசியில் எத்தனையோ வைத்தியர்கள் இருந்தும் எங்கள் பெரியம்மாவுக்கு அவர்கள்மேல் பெரிய மதிப்புக் கிடையாது.

சித்திக்குக் கல்யாணமாகி நாலு வருஷமாகியும் பிள்ளையில்லை. வீட்டுக்குத் தூரமாவதும் அவளுக்கு ஒழுங்காக வராது. நாற்பது நாளாகும், ஐம்பது நாளாகும். கூட்டுக்குடும்பத்தில் இதெல்லாம் ரகசியமில்லை. பின்கட்டு அறையில் யார் பாய் விரித்திருக்கிறாள், யார் விரிக்கவில்லை என்பது எட்டு வயசுக்காரி எனக்கே தெரியும். நாற்பது நாள் தாண்டினால் பெரியம்மா சதகுப்பையும் கருஞ்சீரகமும் தட்டிப்போட்டுக் கஷாயம் காய்ச்சி, மூன்று நாள் காலையில் சித்திக்குக் கொடுப்பாள். வயிறு சுத்தமானால்தான் பிள்ளை தங்கும் என்பது அவள் எண்ணம். அந்த அக்கறையில் குறை சொல்ல முடியாது.

அந்த வருஷம் சாரல் நன்றாக விழுந்தது. வீடே வில்வண்டி கட்டிக் குற்றாலத்துக்குக் குளிக்கப் போனது. சித்தி மட்டும் அருவிக்குள் நிற்காமல், ஓரத்தில் ஒழுகுகிற தண்ணீரைக் கையில் ஏந்தி மேலுக்கு விட்டுக்கொண்டாள். சளி பிடிக்குமாம். சீக்குத் தீர வேண்டும் என்று ஊரே வந்து தலையைக் கொடுக்கிற இடத்தில் அவள் அப்படிச் சொன்னது எனக்கே வேடிக்கையாக இருந்தது.

மறுநாள் காலையில் கஷாயம் வந்தது. பெரியம்மா அந்தப் பக்கம் போனதும் சித்தி டம்ளரை என்னிடம் நீட்டினாள்.

"ஏட்டி, இதக் கொண்டுபோயி வாழ மூட்டுல ஊத்திரு. பெரியம்மாட்ட சொல்லப்புடாது."

நாங்கள் மருந்துக்கு அடம்பிடித்தால் மூக்கைப் பிடித்து ஊற்றுகிற வீடு அது. இவளுக்கு மட்டும் என்ன சலுகை? டம்ளரோடு நேரே பெரியம்மாவிடம் போய் நின்றேன். பெரியம்மா சத்தம் போடவில்லை. சித்தியை அடுக்களை வாசலில் உட்காரவைத்து, உன் நல்லதுக்குத்தானே என்று சொல்லிச்சொல்லி, கடைசிச் சொட்டு இறங்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். மூன்று நாளும் அப்படித்தான். நாலாம் நாள் சித்தி பின்கட்டு அறைக்குப் போனாள். மருந்து கேட்டுவிட்டது என்று பெரியம்மாவுக்கு ஒரே சந்தோஷம். எனக்கு ஒரு துண்டு கருப்பட்டி கிடைத்தது.

அன்றைக்குப் போனது கரு என்பதை, நானே உண்டாகி இரண்டு மாதமாக இருந்தபோதுதான் சித்தி சொன்னாள். அதற்கு முன்பு ஒருமுறை நாள் தள்ளியதை அவசரப்பட்டு வாய்விட்டுச் சொல்லி, கடைசியில் ஒன்றுமில்லை என்றாகி வீட்டில் சிரிப்பாய்ச் சிரித்துவிட்டார்களாம். அதனால் இந்தத் தடவை மூன்று மாதம் முடியட்டும் என்று சித்தப்பாவிடம்கூட மூச்சு விடவில்லை. கலைத்தது கஷாயந்தானா என்று எனக்குத் தெரியாது. அவளும் அப்படிச் சொல்லவில்லை. பிறகு அவளுக்கு உண்டாகவே இல்லை என்பது மட்டும் தெரியும்.

நாலாம் நாளன்று, கருப்பட்டியை வாயில் அதக்கிக்கொண்டு பின்கட்டு அறை வாசலுக்குப் போனேன். தீட்டு என்பதால் தள்ளியே நின்றேன். சித்தி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். திரும்பாமலே கேட்டாள்.

"ஊத்தச் சொன்னா ஊத்த வேண்டியதானட்டி."

நல்லது செய்த பிள்ளையைப் பார்த்து இப்படிக் கேட்கிறாளே என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு வாரம் அவளோடு நான் பேசவில்லை.