ஒரு கை பார்ப்பது

பெருந்தன்மை எல்லாம் எனக்குச் சரிப்பட்டு வராது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இலுப்பூர் தாலுகா ஆபீஸ் வாசலில் இருபது வருடமாக மனு எழுதிப் பிழைத்தவன் நான். அடுத்தவர் கோபத்தையெல்லாம் 'பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று மாற்றி எழுதி எழுதி, என் கோபம் மொத்தமும் உள்ளேயே தங்கிவிட்டது.

மாசியில் ஒரு நாள் காலையில் கண்விழித்தபோது வலது கை என்னோடு எழுந்திருக்கவில்லை. பக்கவாதம். நடை சீக்கிரமே திரும்பிவிட்டது. கை மட்டும் விரல்களை மடக்கிக்கொண்டு நெஞ்சோடு ஒட்டிக் கிடந்தது.

வைகாசியில் மகளுக்கு நிச்சயம். வந்தவர்களுக்குத் தாம்பூலப் பையை நானேதான் கொடுப்பேன் என்று அடம்பிடித்து, இடது கையால் நீட்டிக்கொண்டிருந்தேன். எல்லோரும் கையைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு போனார்கள். அக்காவின் கணவர், நான் மச்சான் என்று கூப்பிடுகிறவர், அவர் மட்டும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"எடது கையால குடுக்குறத நான் வாங்கிப் பழக்கமில்ல மாப்ள. கை வரட்டும், அப்பறம் குடு."

சம்பந்தி வீட்டார் முன்னால், சிரித்துக்கொண்டே சொன்னார். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். என் மகள் ஓடிவந்து பையை என்னிடமிருந்து வாங்கி அவரிடம் கொடுத்தாள். அதை வாங்கிக்கொண்டார். அன்று இலை முன்னால் உட்கார்ந்தவன் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. இந்த ஆளை ஒரு கை பார்க்காமல் விடுவதில்லை என்று முடிவு கட்டினேன். பார்ப்பதற்கு அந்த ஒரு கைதான் இல்லை.

அடுத்த வாரம் புதுக்கோட்டை டாக்டர் சீட்டில் ஏதோ கிறுக்கி, "நாளைக்குக் காலையில ஓ.டி.க்குப் போங்க" என்றார். ஓ.டி. என்றால் ஆபரேஷன் தியேட்டர் என்பது எனக்குத் தெரியாதா? மறுநாள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய், தியேட்டர் வாசலில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மனைவி மாற்று வேட்டியை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். நர்ஸ் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது வேற ஓ.டி.ங்க, அங்கிட்டுக் கடைசி ரூம்" என்று கைகாட்டினார்.

அங்கே கத்தியும் இல்லை, மயக்க ஊசியும் இல்லை. மேசைமேல் துணி கிளிப்புகள், டம்ளர், பூட்டு சாவி, பொத்தான் வைத்த சட்டை. என் மகளைவிடக் கொஞ்சம் மூத்த பெண் ஒருவர், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் என்று சொல்லிக்கொண்டார். அன்றாட வேலைகளுக்குக் கையைப் பழக்கும் அந்தத் தெரபிக்கும் ஓ.டி. என்றுதான் பெயராம். எனக்கு நடை பழக்கிய பிசியோதெரபிக்காரர் தூக்கு, மடக்கு என்றுதான் சொல்வார். இவர் கேள்வி கேட்டார்.

"இந்தக் கையால என்ன செய்யணும்னு ஆசப்படுறீங்க?"

எழுத வேண்டும் என்பேன் என்று மனைவி நினைத்திருப்பாள்.

"ஒருத்தர ஒரு கை பாக்கணும்மா" என்றேன்.

நடந்ததையும் சொன்னேன். புத்திமதி வரும் என்று எதிர்பார்த்தேன். அவர் நோட்டில் எழுதிக்கொண்டார்.

"அப்ப கல்யாணப் பத்திரிகைய வலது கையால அவருக்குக் குடுக்கணும். பிடிக்கணும், நீட்டணும், விடணும். மூணு வேல. கல்யாணம் எப்ப?"

"தைக் கடைசியில."

"நேரமிருக்குங்க."

பிடிப்பதும் நீட்டுவதும் ஆவணிக்குள் வந்துவிட்டன. விடுவதுதான் வரவில்லை. வாதம் வந்த கை எதையாவது பற்றினால் உடும்புப்பிடிதான். விரி என்று நினைத்தால் இன்னும் இறுகும். மணிக்கட்டை மேசை விளிம்பில் சாய்த்து, மூச்சை விட்டு, ஒவ்வொரு விரலாக விரிக்கப் பழக்கினார். வீட்டிலும் சட்டைப் பொத்தான், சோறு பிசைவது எல்லாம் வலது கையால்தான் என்று உத்தரவு. பிசைந்த சோற்றில் பாதி மடியில் விழும். அலுத்துப்போகும்போதெல்லாம் பின்னால் கட்டிக்கொண்ட அந்தக் கைகளை நினைத்துக்கொள்வேன். உடனே வெறி வந்துவிடும்.

கார்த்திகையில் ஒரு நாள் ஒரு பழைய பத்திரிகை என் விரல்களிலிருந்து நழுவி தெரபிஸ்ட் கையில் விழுந்தது. "விட்டுட்டீங்க!" என்று கத்தினார். அதன் பிறகு அவர் சொன்னபோதெல்லாம் விட்டேன்.

தை பிறந்ததும் அக்கா வீட்டுக்குப் போனோம். மச்சானின் பங்காளிகள் நாலைந்து பேர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். வலது கையால் பத்திரிகையை நீட்டினேன். கை ஆடவில்லை.

"அட, கை வந்துருச்சே!" என்று எழுந்து வந்து வலது கையால் பற்றினார்.

நான் விடவில்லை.

இழுத்தார். சிரித்தார். மறுபடி இழுத்தார். பங்காளிகள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"விடு மாப்ள."

"வாதம் வந்த கை மச்சான், சொன்னாக் கேக்க மாட்டேங்குது."

அவருக்கு நெற்றி வேர்த்தது. கடைசியில் இடது கையையும் கொண்டுவந்து பத்திரிகையின் மஞ்சள் தடவிய முனையைப் பிடித்தார்.

"எடது கையாலயா வாங்குறீங்க மச்சான்?"

சட்டென்று அந்தக் கையை எடுத்துக்கொண்டார். நான் மூச்சை விட்டு, பழகிய மாதிரியே ஒவ்வொரு விரலாக விரித்தேன். கடைசி விரலை மட்டும், அவர் தலைநிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கும்வரை விரிக்கவில்லை.