கம்ப்யூட்டருக்குத் தண்ணீர் கனெக்‌ஷன்

என் வீட்டுக்காரரை எங்கள் பக்கத்தில் ‘வாஷர்’ என்றால்தான் தெரியும். குழாய் ஒழுகினாலும் “வாஷர் போயிருக்கும்” என்பார். அவர் தம்பி சம்சாரம் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனபோதும் அதையேதான் சொன்னார். இருபத்திரண்டு வருஷமாக ப்ளம்பர். நல்ல வேலைக்காரர், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தண்ணீர் என்ற சொல் காதில் விழுந்தால் போதும், கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் வந்து நிற்பார்.

நான் வீட்டிலிருந்தபடியே கட்டடங்களுக்குப் படம் போடுகிறவள். இன்னும் கட்டாத கட்டடத்தைக் கட்டி முடித்த மாதிரி கம்ப்யூட்டரில் காட்ட வேண்டும். ஒன்பது வருஷமாக நான் போட்ட அத்தனை படமும் இன்ஜினியர் பெயரில்தான் போனது. இந்தத் தடவை ஒரு குழந்தைகள் மருத்துவமனை நேராக என்னிடமே கேட்டிருந்தது. படத்தின் அடியில் என் பெயர் வரும். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அனுப்பியாக வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தானா கம்ப்யூட்டருக்குக் காய்ச்சல் வர வேண்டும்! கடைசிப் படத்தைத் தீட்டி முடிக்கக் கம்ப்யூட்டரை ஓடவிட்டால் இருபது நிமிஷத்தில் பிராசசர் கொதித்துத் தானாக அணைந்துவிடும்.

கடைக்காரர் வாட்டர் கூலிங் கிட் ஒன்றைக் கொடுத்தார். பிராசசர் தலையில் உட்காரும் சின்ன பம்ப், அதிலிருந்து இரண்டு ரப்பர் குழாய், குழாய் முனையில் ரேடியேட்டர், அதற்கு விசிறி. தண்ணீரை உள்ளேயே அடைத்து ஸீல் வைத்து அனுப்புகிறார்கள். நாம் ஸ்க்ரூவை முடுக்கினால் போதும்.

வெள்ளிக்கிழமை காலை நான் அட்டைப்பெட்டியைப் பிரிப்பதற்குள் அவர் மூன்று வீட்டு வேலையைத் தள்ளிப்போட்டிருந்தார்.

“இந்தா, தள்ளு. இது தண்ணி விஷயம்.”

“நானே மாட்டிக்கிறேங்க. எப்படின்னு படம் போட்டுக் குடுத்திருக்கான்.”

“படத்தப் பாத்துக் குழாய் மாட்டுறவன் வீடு காயவே காயாது. தண்ணி ஊத்துற வாய் எங்க?”

“ஊத்தவே வேணாம். உள்ளேயே இருக்கு.”

“யாரு பாத்தா?”

காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்த்தார். பையிலிருந்து குழாய் மரையில் சுற்றும் டெஃப்லான் டேப்பை எடுத்தார், பிடுங்கி வைத்தேன். மேஜைக்கு அடியில் ஒரு பக்கெட்டைக் கொண்டுவந்து வைத்தார். ரேடியேட்டரை மட்டும் கேபினட்டின் உச்சியில் மாட்டி, “காத்து மேல போய் நிக்கணும், பம்புல நிக்கக் கூடாது” என்றார். கிட்டோடு வந்த புத்தகத்திலும் அப்படித்தான் இருந்தது. சரி, மனுஷனுக்கு விஷயம் தெரிகிறது என்று நம்பி டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். புத்தி கெட்டவள்.

பதினொன்றரைக்கு ஆன் செய்தோம். மூன்றே நிமிஷம். சூடு தொண்ணூற்றெட்டைத் தொட்டது, பட்டென்று அணைந்தது. பழைய விசிறியாவது இருபது நிமிஷம் தாங்கியது! ஸ்க்ரூவை முடுக்கினோம், ஒயரை மாற்றினோம். மணி இரண்டு ஆனதுதான் மிச்சம். படம் ஓடி முடியவே இரண்டு மணி நேரம் வேண்டும்.

“வாஷர்...” என்று ஆரம்பித்தார்.

“வாயத் தொறந்தீங்க, அந்த பக்கெட்ட உங்க தலையில கவுத்திருவேன்!”

சொல்லிவிட்டு எனக்கே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒன்பது வருஷம் கழித்து ஒரு தடவை என் பெயர் வரப்போகிறது, அதுவும் இவர் கையில் சிக்கிச் சீரழிகிறதே! கடைக்காரருக்குப் போன் போட்டேன்.

“மேடம், பம்புக்கு அடியில செம்புத் தகடு இருக்கும். அது மேல ஒட்டியிருக்கிற பிளாஸ்டிக் உறைய உரிச்சீங்களா? அது இருந்தா சூடு தண்ணிக்குப் போகாது.”

நான் இவரைப் பார்த்தேன். “உறைய உரிச்சீங்களா?”

“நானா?” என்றார், செய்யத் தகாததைக் கேட்டுவிட்ட மாதிரி. “புது ஃபிட்டிங்ல எந்த ப்ளம்பராவது உறைய உரிப்பானா? கீறல் விழுந்தா யாரு பதில் சொல்றது? மாட்டி முடிச்சதும் ஓனர்தான் வந்து உரிக்கணும். நீ உரிப்பேன்னுதான் விட்டு வெச்சேன்.”

“நான் பக்கத்துலதானேய்யா நின்னேன்!”

“நீ டார்ச் பிடிச்சுக்கிட்டு நின்ன. ஓனருங்க வேலை நடக்கிறப்ப வர மாட்டாங்க.”

தலையிலடித்துக்கொண்டேன். சிரிப்பும் வந்து தொலைத்தது. அவர் பம்பைக் கழற்றி, துணியால் துடைத்து, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். உறையின் ஓரத்தை நகத்தால் நெம்பி இழுத்தேன். செம்பு பளபளவென்று வந்தது. சூட்டைக் கடத்துவதற்காகக் காலையில் பிராசசர் மேல் பூசியிருந்த பசையைத் துடைத்தோம். சிக்கனக்காரர், ட்யூபில் பாதியை மிச்சம் வைத்திருந்தார். அதைப் பூசித் திரும்ப மாட்டினோம்.

சூடு அறுபத்திரண்டு. அதற்கு மேல் ஏறவில்லை. நான் மணியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, அவர் குழாயில் ஒரு விரலை வைத்துக்கொண்டு, “ஓடுது, ஓடுது” என்று அடிக்கடி தகவல் சொன்னார்.

நாலே முக்காலுக்குப் படம் முடிந்தது. அடியில் பெயரை அடித்து, ஒற்றுப்பிழை பார்த்து, ஐந்துக்கு நாலு நிமிஷம் இருக்கும்போது அனுப்பினேன். அப்பாடா என்று எழுந்து அடுப்படிக்குப் போய் டீக்குப் பாலை ஏற்றினேன். உள்ளே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அப்புறம் யாரோ என் பெயரைச் சொன்னார்கள், முழுப்பெயரை, நிறுத்தி நிதானமாக. கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் “இந்தா” தவிர வேறெதுவும் கேட்டிராத எனக்குக் கையிலிருந்த கரண்டி நழுவிவிட்டது.

“என்னங்க?” என்றேன்.

“ஒண்ணுமில்ல,” என்றார் உள்ளேயிருந்து. “படத்துல போட்டிருக்கு, படிச்சேன்.”