கற்பூரத்துக்கு ஒரு பெர்மிட்

வைதேகிக்கும் நெருப்புக்கும் ஆகாது. சிங்கப்பூரில் பழைய எண்ணெய்த் தொட்டிகளைத் தோண்டி எடுக்கும் கம்பெனியில் அவர் பாதுகாப்பு மேற்பார்வையாளர். ஆகாமல் இருப்பதற்குத்தான் சம்பளமே. யாராவது தீப்பெட்டியோடு உள்ளே நுழைந்தால் மோப்பம் பிடித்துவிடுவார். செம்பவாங்கில் அவர் வீட்டுச் சாமி மாடத்திலும் பேட்டரி விளக்குதான். சாமி கோபித்துக்கொள்ளாதா என்று கணவர் கேட்டால், சாமிக்கும் பாதுகாப்பு வேண்டும் என்பார்.

இப்படிப்பட்டவரிடம் ஃபோர்மேன் ரெங்கசாமி வருஷக்கணக்காகக் கேட்டதெல்லாம் ஒரு துண்டுக் கற்பூரம். பூமியின் வயிற்றைக் கிழித்துத் தொட்டியைப் பிடுங்குகிறோமே, வேலை முடிந்ததும் கற்பூரம் காட்டி மன்னிப்புக் கேட்க வேண்டாமா என்பார். "பூ வச்சுக் கும்பிடுங்கண்ணே, போதும்லா" என்று வைதேகி ஒவ்வொரு இடத்திலும் பேச்சை முடித்துவிடுவார்.

சிராங்கூன் ரோட்டை ஒட்டிய பழைய பெட்ரோல் நிலையம்தான் ரெங்கசாமிக்குக் கடைசி வேலை. அன்று சாயங்காலம் சாங்கியில் விமானம். ஊரோடு போகிறார், இனி வரப்போவதில்லை. தொட்டிகள் முந்தின நாளே லாரியேறிப் போய்விட்டன. குழியில் எண்ணெய் ஆவி மிச்சமில்லை என்று அதிகாரி நஸீஹா மீட்டர் வைத்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. ரெங்கசாமி காலையிலேயே பஃபலோ ரோட்டில் கற்பூரம் வாங்கிச் சட்டைப்பையில் வைத்திருந்தார். கடைசி நாளாச்சே, மேடம் மனசு இளகாதா என்று ஒரு நப்பாசை.

நஸீஹா குழியைச் சுற்றி வந்தார். மீட்டர் வாயைத் திறக்கவில்லை. அவர் பேனாவை எடுத்த நேரம் பார்த்து, பழைய குழாய் முட்டி நின்ற மூலையை இன்னொரு தரம் பார்த்துவிடலாம் என்றார் வைதேகி. பார்த்தார்கள். மீட்டர் கத்தித் தீர்த்தது.

வைதேகி சும்மா இருந்திருக்கலாம்தான். சும்மா இருக்கத் தெரியாத பிறவி, என்ன செய்வது? மூலை மண்ணை அள்ளிப் போட்டுவிட்டுக் கூப்பிடுங்கள், மதியத்துக்கு மேல் வருகிறேன் என்று நஸீஹா கிளம்பினார். மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். ரெங்கசாமியோ காற்றடிக்கும் மிஷினை ஓடவிட்டு, ஆவி கலைந்ததும், சட்டைப்பையை ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டு முதல் ஆளாக மண்வெட்டியோடு இறங்கினார். பையைத் தொட்ட அந்தக் கையை வைதேகி பார்த்துவிட்டார்.

நஸீஹா திரும்பி வந்து பார்த்தபோது அந்த மூலையிலும் சைபர். கையெழுத்தும் விழுந்தது. ரெங்கசாமி மணியைப் பார்த்தார், பெட்டியைத் தூக்கினார். இந்தத் தடவை அவர் கேட்கவே இல்லை.

"இருங்கண்ணே" என்று சொல்லிவிட்டு வைதேகி உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். வெல்டிங் மாதிரி நெருப்பு வேலைகளுக்குக் கொடுக்கும் பெர்மிட் அது. வேலை: கற்பூரம் காட்டுதல். இடம்: குழியோரம். தீயணைப்பான்: இரண்டு. எட்டிப் பார்த்த நஸீஹாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"ஒரு துண்டுக் கற்பூரத்துக்கா மேடம்?" என்றார் ரெங்கசாமி.

"நெருப்பு நெருப்புதாண்ணே. சைன் பண்ணுங்க."

ஒரு செங்கல்லின் மேல் கற்பூரம் எரிந்தது. இரண்டு பக்கமும் தீயணைப்பானோடு இரண்டு பேர் விறைத்து நின்றார்கள். ரெங்கசாமி கண்ணை மூடி என்னென்னவோ முணுமுணுத்தார், அழுதார், சிரித்தார். பிறகு வைதேகியைப் பார்த்தார். வைதேகி கொஞ்சம் தயங்கி, குனிந்து, இரண்டு கையாலும் அந்தச் சுடரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

நெருப்பு அணைந்த பிறகும் அரை மணி நேரம் ஒருவர் அங்கேயே காவல் இருக்க வேண்டும் என்பது விதி. பெர்மிட்டில் அந்த இடத்தில் தம் பெயரையே எழுதியிருந்தார் வைதேகி. சாங்கிக்குப் போகும் வேனில் எல்லோரும் ஏறிக்கொண்டார்கள். வளைவு திரும்பும்வரை ரெங்கசாமி கையை ஆட்டிக்கொண்டே போனார்.

வைதேகி ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, கரி படிந்த அந்தச் செங்கல்லை அரை மணி நேரமும் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். மனசெல்லாம் நிறைந்திருந்தது. வீட்டுக்குப் போகிற வழியில் பஃபலோ ரோட்டுக்குள் நுழைந்து ஒரு பாக்கெட் கற்பூரமும் ஒரு தீப்பெட்டியும் வாங்கிக்கொண்டார்.